ஒரே வகுப்பில் இரு முனைகள்: புதிதாகக் கணக்கு எடுக்க வரும் ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

முதல் ஆண்டு எனக்கு 8ஆம் வகுப்பு கொடுத்தார்கள். 42 பிள்ளைகள். இருபடிக் கோவைகளைக் காரணிப்படுத்த வேண்டிய அந்த வகுப்பில் பதினான்கு பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. ஆறேழு பேர் நான் கரும்பலகையில் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் விடை சொன்னார்கள். இடையில் இருந்த இருபது பேருக்குத்தான் நான் ஆண்டு முழுவதும் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பது மார்ச் மாதம் விடைத்தாள்களைத் திருத்தும்போது தெரிந்தது. பின்தங்கியவர்கள் ஜூனில் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். முன்னே நின்றவர்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இரண்டாவது இழப்பு மதிப்பெண் பட்டியலில் தெரியாது என்பதால் அதை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 8 வரை கணக்கு எடுப்பவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். 9, 10 எடுப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஜூன் முதல் இரண்டு வாரம்: பத்துக் கேள்வி, மதிப்பெண் கிடையாது

பள்ளி திறந்த முதல் வாரத்தில் பாடப்புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு பாடவேளையை ஒதுக்கிப் பத்துக் கேள்விகள் கொடுங்கள். எல்லாம் 3ஆம் வகுப்பிலிருந்து 7ஆம் வகுப்பு வரையிலானவை. நான் கொடுப்பவை இவை:

நாலாயிரத்து ஏழு என்பதை எண்ணால் எழுதுக. 503 − 267. 208 × 5. 612 ÷ 6. 3/5, 3/8 இவற்றில் பெரியது எது? 1/2 + 1/3. 0.35, 0.4 இவற்றில் பெரியது எது? −3 − 5. ஓர் எண்ணின் இரு மடங்குடன் 5 கூட்டினால் 17, அந்த எண் எது? 38 பேர் சுற்றுலா போகிறார்கள், ஒரு வண்டியில் 6 பேர் ஏறலாம், எத்தனை வண்டி வேண்டும்?

ஒவ்வொரு கேள்வியும் ஒரு குறிப்பிட்ட தவறைப் பிடிப்பதற்கான பொறி. 612 ÷ 6 = 12 என்று எழுதுபவருக்கு வகுத்தல் தெரியும், இடமதிப்பில் பூஜ்ஜியத்தின் வேலை தெரியாது. 1/2 + 1/3 = 2/5 என்பவர் பின்னத்தை இரண்டு தனி எண்களாகப் பார்க்கிறார். 0.35தான் பெரியது என்பவர் புள்ளியை மறந்துவிட்டு 35ஐயும் 4ஐயும் ஒப்பிடுகிறார். −3 − 5 = 8 என்பவர் 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்ற பெருக்கல் விதியை எல்லா இடத்துக்கும் எடுத்துச் செல்கிறார். கடைசிக் கேள்விக்கு '6, மீதி 2' என்று எழுதுபவருக்குக் கணக்கு வரும், கேள்வி எதைக் கேட்கிறது என்ற யோசனை இன்னும் வரவில்லை. வேகமான பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தக் கேள்வியில்தான் விழுவார்கள். அதையும் குறித்துவையுங்கள்.

தாளில் மதிப்பெண் போடாதீர்கள். பத்துக்கு மூன்று என்று எழுதிவிட்டால் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அந்த மூன்றுதான் கண்ணில் படும். உங்களுக்கு வேண்டியது எந்த மூன்று என்பது. நீளக் கட்டம் போட்ட ஒரு குறிப்பேட்டில் பெயர்களை வரிசையாகவும் கேள்வி எண்களைத் தலைப்பாகவும் எழுதி, தவறான விடையை அப்படியே கட்டத்துக்குள் எழுதுங்கள். 42 தாளுக்கு எனக்கு இரண்டு மாலைப்பொழுது ஆனது.

2. தவறைப் பார்ப்பது போதாது, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டிப் போனேன். தாளில் தெரிவது விடை. அந்த விடைக்குப் போன வழி பிள்ளையின் வாயிலிருந்துதான் வரும்.

மூன்றாவது வரிசையில் ஒரு பையன். 503 − 267 = 364 என்று எழுதியிருந்தான். கவனக்குறைவு என்று முதலில் நினைத்தேன். மதிய உணவு முடிந்ததும் அவனை வராந்தாவில் பக்கத்தில் உட்காரவைத்து, "இதை எப்படிச் செய்தாய் என்று எனக்குச் சொல்லு" என்றேன். விரலை எண்களின் மேல் வைத்துச் சொன்னான். "ஏழிலிருந்து மூன்று போனால் நான்கு. ஆறிலிருந்து பூஜ்ஜியம் போனால் ஆறு. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று." ஏன் கீழே இருப்பதிலிருந்து மேலே இருப்பதைக் கழிக்கிறாய் என்று கேட்டேன். "பெரியதிலிருந்துதானே டீச்சர் சின்னதைக் கழிக்க முடியும்" என்றான். யாரோ ஒருவர் எப்போதோ சொல்லிக்கொடுத்த விதியை ஆறு ஆண்டுகளாக ஒழுங்காகப் பின்பற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் கவனக்குறைவே இல்லை. அவனைப் போல இன்னும் ஐந்து பேர் அதே வகுப்பில் 364 எழுதியிருந்தார்கள்.

ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். "ஏன் இப்படித் தப்பாகச் செய்தாய்" என்று தொடங்காதீர்கள். சரியாகச் செய்தவர்களிலும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு இதே கேள்வியைக் கேளுங்கள். அப்போதுதான் உங்களிடம் கூப்பிடப்படுவது அவமானம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வராது. காலை வழிபாட்டுக்கு முன் பத்து நிமிடம், மதியம் பத்து நிமிடம் என்று ஒதுக்கினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

இந்த வாரத்திலேயே இன்னொன்றையும் பாருங்கள். கரும்பலகையிலிருந்து எழுதும்போது பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுபவர் யார்? கண்ணைச் சுருக்குபவர் யார்? 'கணக்கு வராது' என்று எனக்கு முன்பிருந்தவர்கள் குறித்துவைத்த ஒரு சிறுமிக்கு வேண்டியிருந்தது கண்ணாடி. கண் பரிசோதனை செய்யாமல் ஒரு பிள்ளையை மெல்லக் கற்பவர் என்று எழுதிவிடாதீர்கள்.

3. இருக்கும் திட்டங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்

தொடக்க வகுப்புகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்றிருப்பார்கள். 6ஆம் வகுப்புக்கு வரும் பிள்ளையின் பழைய ஆசிரியரிடம் பேச முடிந்தால் எந்த நிலையில் இருந்தார் என்று கேட்டுவையுங்கள். 6 முதல் 9 வரை பின்தங்கியவர்களுக்காக 2025-26இல் தொடங்கிய திறன் இயக்கம் தமிழ், ஆங்கிலத்தோடு கணக்கையும் எடுத்துக்கொள்கிறது. அதில் வரும் பயிற்சி நூலைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் எந்தத் திட்டத்தின் பெயர்ப்பட்டியலும் யார் பின்தங்கியவர் என்றுதான் சொல்லும். எங்கே கால் இடறுகிறது என்று சொல்லாது. உங்கள் கட்டக் குறிப்பேடு அதைச் சொல்லும். இரண்டையும் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

4. பொருள்கள்: என்னென்ன, எவ்வளவு செலவு

பெரிதாக ஒன்றும் வேண்டாம். தென்னை ஈர்க்குத் துடைப்பம் இரண்டு, நூறு ரூபாய். ரப்பர் பேண்ட் ஒரு பாக்கெட், நாற்பது. முதல் வாரக் கேள்வித்தாள் 42 நகல், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 84. கட்டக் குறிப்பேடு அறுபது. மொத்தம் ரூ.284 ஆனது. இவற்றை வாங்கிய முதல் ஆண்டு என் பணத்தைப் போட்டேன். அடுத்த ஆண்டு ரசீது வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்ததும் பள்ளி மானியத்தில் சேர்த்துக்கொண்டார். வாங்குவதற்கு முன்பே கேளுங்கள், ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பள்ளியில் கணித உபகரணப் பெட்டி ஏற்கெனவே பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கலாம். முதலில் சாவியைக் கேட்டுப் பாருங்கள்.

ஈர்க்கை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறு கட்டு செய்ய வேண்டும். இதைப் பிள்ளைகளே செய்யட்டும். கட்டும் வேலையே பாதிப் பாடம்.

5. பின்தங்கியவர்களுக்கு: இடறிய படியிலிருந்து, அன்றாடம் பதினைந்து நிமிடம்

என் பாடவேளை 45 நிமிடம். முதல் எட்டு நிமிடம் எல்லோருக்கும் வாய்க்கணக்கு. அடுத்த இருபது, இருபத்திரண்டு நிமிடம் அந்த வகுப்புக்குரிய பாடம், எல்லோருக்கும். மீதி பதினைந்து நிமிடம் பிரிந்து வேலை. இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் பழைய ஓட்டையை அடைப்பது நடக்கும். மாலை சிறப்பு வகுப்பை நம்பாதீர்கள். பஸ்ஸுக்கு ஓட வேண்டிய பிள்ளைகளும் தம்பி தங்கையைக் கூட்டிப்போக வேண்டிய பிள்ளைகளும்தான் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள்.

364 எழுதிய ஆறு பேரோடு நான் செய்தது இது. ஐந்து நூறு கட்டையும் மூன்று தனி ஈர்க்கையும் பெஞ்சில் வைத்தேன். இதுதான் 503. இதிலிருந்து 267ஐ எனக்குக் கொடுங்கள் என்றேன். முதலில் ஏழு ஈர்க்கு வேண்டும், கையில் மூன்றுதான் இருக்கிறது. அந்தப் பையன் பத்துக் கட்டைத் தேடினான், இல்லை. சற்று நேரம் நூறு கட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதைப் பிரிக்கலாமா டீச்சர்?" என்றான். பிரித்தான். பத்து, பத்துக் கட்டுகள். அதில் ஒன்றைப் பிரித்துப் பத்து ஈர்க்கை மூன்றோடு சேர்த்தான். பதின்மூன்றிலிருந்து ஏழு கொடுத்தான், ஒன்பது கட்டிலிருந்து ஆறு கொடுத்தான், நான்கு நூறிலிருந்து இரண்டு கொடுத்தான். மீதியை எண்ணி 236 என்றான். பூஜ்ஜியத்தின் மேல் ஒன்பது போட வேண்டும் என்று அவனுக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அந்த ஒன்பது எங்கிருந்து வருகிறது என்பதை அவன் கை அன்றுதான் பார்த்தது.

ஒரு வாரம் கட்டோடு, ஒரு வாரம் கட்டும் எழுத்தும் சேர்த்து, மூன்றாம் வாரம் எழுத்து மட்டும். கட்டைச் சீக்கிரம் பிடுங்காதீர்கள். பெரிய பிள்ளைகள் இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று வெட்கப்படுவார்கள். அதைத் தடுக்க ஒரே வழி, முதல் நாள் வகுப்பு முழுவதற்கும் கட்டைக் கொடுப்பது. வேகமான பிள்ளைகளுக்கும் அதில் வேலை உண்டு: 2003இலிருந்து 1998ஐக் கடன் வாங்காமல் எப்படிக் கழிப்பது என்று கேளுங்கள்.

வாய்ப்பாடு வரும்வரை எதையும் தொடங்க முடியாது என்று நிறுத்திவைக்க வேண்டாம். 20 வரை வாய்ப்பாட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக்கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். வாய்ப்பாட்டைத் தனியாக, 2, 5, 10, பிறகு இரட்டிப்பதன் வழியே 4, 8 என்று கொண்டுவாருங்கள். ஏழு நான்கு இருபத்தெட்டு என்று தெரிந்தவருக்கு ஏழு எட்டு அதன் இரட்டிப்பு, ஐம்பத்தாறு. மனப்பாடம் பண்ண முடியாத பிள்ளைக்கு இது பிடித்துக்கொள்ள ஒரு கயிறு.

இன்னொரு பொறி: பின்தங்கியவர்களைக் கடைசி பெஞ்சிலோ சுவரோரமோ நிரந்தரமாக ஒரே குழுவாக உட்காரவைப்பது. முதல் ஆண்டு அதைச் செய்தேன். ஆகஸ்டுக்குள் அந்த வரிசைக்கு மற்ற பிள்ளைகள் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். குழுவைத் தவறின் அடிப்படையில் பிரியுங்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழித்தல் குழுவில் இருப்பவர் பின்னக் குழுவில் இருக்க வேண்டியதில்லை. பின்னக் குழுவில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்ததும் அந்தக் குழுவின் கூச்சம் பாதி போய்விட்டது.

6. வேகமான பிள்ளைகளுக்கு: கூடுதல் கணக்கு வேண்டாம், ஆழமான கணக்கு

என் வகுப்பில் ஒரு சிறுமி பயிற்சியை எட்டு நிமிடத்தில் முடித்துவிடுவாள். நான் அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பேன். இரண்டு மாதம் கழித்து அவளும் மற்றவர்களோடுதான் முடித்தாள். ஒருநாள் பின்னாலிருந்து பார்த்தேன். எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, இடது கையால் விடைகளை மறைத்துக்கொண்டு, பேனாவை வெறுமனே தாளின் மேல் நகர்த்திக்கொண்டிருந்தாள். சீக்கிரம் முடித்தால் தண்டனை என்பதை நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று படி முறைக்கு மாறினேன். ஒரே பாடத்தில் மூன்று கேள்விகள் கரும்பலகையில் இருக்கும். யார் எதில் தொடங்குவது என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யலாம். செவ்வகப் பரப்பளவு என்றால்:

முதல் படி: நீளம் 8, அகலம் 5, பரப்பளவு என்ன? இரண்டாம் படி: பரப்பளவு 40, நீளம் 8, சுற்றளவு என்ன? மூன்றாம் படி: சுற்றளவு 26. பக்கங்கள் முழு எண்கள். எத்தனை செவ்வகங்கள் வரைய முடியும்? எதற்குப் பரப்பளவு அதிகம், ஏன்?

மூன்றாம் படிக்குப் புதிய சூத்திரம் ஏதும் தேவையில்லை. ஆனால் 12 × 1இல் தொடங்கி 7 × 6 வரை வரிசையாக எழுதி, பக்கங்கள் நெருங்க நெருங்கப் பரப்பளவு கூடுகிறது என்று கண்டு, ஏன் என்று சொல்ல வேண்டும். அந்தச் சிறுமி அதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். நான்காம் நாள் "26க்குப் பதில் 28 என்றால் சதுரம் வந்துவிடும் டீச்சர்" என்று ஓடிவந்தாள்.

விடையைச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் ஆனாலும் சொல்லாதீர்கள். எப்போதும் சுலபமாக வென்ற பிள்ளைக்குத் திணறுவது என்றால் என்னவென்று தெரியாது. பத்தாம் வகுப்புக்கு மேல் முதல் முறை திணறும்போது 'எனக்குக் கணக்கு வராது' என்று விட்டுவிடுகிறவர்களில் இவர்களும் உண்டு. திணறலை உங்கள் வகுப்பிலேயே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பழகட்டும்.

வேகமான பிள்ளையை நாள் முழுவதும் துணை ஆசிரியராக்குவதும் ஒரு பொறி. வாரம் ஒருமுறை, பத்து நிமிடம், நல்லது. விளக்கிச் சொல்லும்போது அவருக்கும் தெளிகிறது. தினமும் என்றால் அவர் படிக்கும் நேரத்தை எடுத்து நம் வேலையைச் செய்துகொள்கிறோம்.

7. வெள்ளிக்கிழமை: எல்லோரும் ஒரே கணக்கில்

நான்கு நாள் பிரிந்து வேலை செய்தவர்கள் ஐந்தாம் நாள் சேர வேண்டும். அதற்கு ஏற்ற கணக்கு, நுழைய யாருக்கும் முடிவதாகவும் முடிக்க யாருக்கும் எளிதாக இல்லாததாகவும் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததில் சிறந்தது, மகாராஷ்டிரத்தின் தேவலாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் கண்டுபிடித்தது.

மூன்று இலக்க எண் ஒன்றை எடுங்கள், மூன்று இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழியுங்கள். வந்த விடையை மறுபடி அப்படியே செய்யுங்கள். 352 எடுத்தால் 532 − 235 = 297. அடுத்து 972 − 279 = 693. அடுத்து 963 − 369 = 594. அடுத்து 954 − 459 = 495. அதற்கு மேல் 495தான் திரும்பத் திரும்ப வரும். (கழித்து வருவது 99 என்றால் அதை 099 என்று மூன்று இலக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.)

ஆளுக்கொரு எண். 42 பேரும் வெவ்வேறு எண். எல்லோரும் 495இல் வந்து நிற்கும்போது வகுப்பில் எழும் சத்தம் பக்கத்து வகுப்புவரை கேட்கும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 364 எழுதிய பையன் அன்று கடன் வாங்கிக் கழித்தலை ஏழு முறை தானாகச் செய்தான். ஒருமுறை 495 வரவில்லை என்றதும் தன் தவறைத் தானே தேடிப் பிடித்தான். சிவப்பு மையால் நான் எத்தனை முறை சுழித்திருந்தாலும் அது நடந்திருக்காது.

வேகமான பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது: நடு இலக்கம் ஏன் எப்போதும் 9? எல்லா விடைகளும் ஏன் 99ஆல் வகுபடுகின்றன? 100அ + 10ஆ + இ என்று எழுதி, திருப்பிப் போட்டுக் கழித்தால் 99(அ − இ) என்று வரும். 8ஆம் வகுப்பு இயற்கணிதம் எதற்கு என்று அன்று அவர்கள் கேட்கமாட்டார்கள். நான்கு இலக்கத்துக்குப் போனால் 6174. அதிகபட்சம் ஏழே படியில் வந்துவிடும். இது இரண்டாவது வெள்ளிக்கிழமைக்கு.

இன்னொரு கணக்கு: 1 முதல் 30 வரை எந்தெந்த எண்களை அடுத்தடுத்த எண்களின் கூடுதலாக எழுதலாம்? 9 = 4 + 5, 6 = 1 + 2 + 3. எழுதவே முடியாதவை எவை? கூட்டத் தெரிந்த எவரும் தொடங்கலாம். 1, 2, 4, 8, 16 மட்டும் தனியே நிற்பதைக் கண்டபின் ஏன் என்ற கேள்வி ஒரு மாதத்துக்குப் போதும்.

இந்தச் செயல்பாடுகளை வளரறி மதிப்பீட்டின் (பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் மதிப்பீடு) செயல்பாட்டுப் பகுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடக்குறிப்பேட்டிலும் எழுதிவையுங்கள். ஆய்வுக்கு வருபவர் பாடத்தை விட்டு விளையாட்டா என்று கேட்டால் காட்ட உங்களிடம் பதிவு இருக்கும்.

8. தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு: ஆவணங்களை ஜூலையிலேயே தொடங்குங்கள்

8ஆம் வகுப்பு எடுப்பவர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டுகிறேன். இது கல்வி உதவித்தொகைக்கான தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 8ஆம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3,50,000க்கு மிகக் கூடாது. 7ஆம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 50. தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ரூ.12,000. தமிழ்நாட்டுக்கான இடங்கள் 6,695.

இரண்டு தாள், ஒவ்வொன்றும் 90 கேள்வி, 90 நிமிடம். மனத்திறன் தாளில் எண் தொடர், வடிவ ஒப்புமை போன்றவை வரும். படிப்பறிவுத் தாளில் அறிவியலும் சமூக அறிவியலும் தலா 35, கணக்கு 20. பாடத்தில் நடுத்தரமாக இருந்தும் மனத்திறன் தாளில் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனவே முதல் ஐந்து இடத்தில் இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள்.

என் முதல் ஆண்டில் தகுதியுள்ள இரண்டு பிள்ளைகளின் விண்ணப்பம் வருமானச் சான்று கையில் இல்லாததால் போகவில்லை. நான் நினைவூட்டியது விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு. விண்ணப்பத்துக்கு இருந்ததோ சில நாள்கள். தேர்வுத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் விண்ணப்பம் டிசம்பரை ஒட்டி வருவது வழக்கம். அதனால் ஜூலையிலேயே பெற்றோரைக் கூப்பிட்டு இவற்றைச் சொல்லுங்கள்:

வருமானச் சான்று: இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் ரூ.60. குடும்ப அட்டையும் ஆதாரும் புகைப்படமும் எடுத்துப்போக வேண்டும். விண்ணப்பித்ததும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவது நல்லது, இல்லையென்றால் அங்கேயே தேங்கிவிடும். சாதிச் சான்று: இல்லாதவர்கள் இதோடு சேர்த்தே விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு: பிள்ளையின் பெயரில், ஆதார் இணைக்கப்பட்டதாக. பெயர்: ஆதாரிலும் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரத் தொகுப்பு) பதிவிலும் வங்கிப் புத்தகத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா, தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக மாறியிருக்கிறதா என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேர்வுக் கட்டணம் ரூ.50.

தேர்வில் வென்றபிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் 9ஆம் வகுப்பில் பதிவுசெய்ய வேண்டும், பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நடுநிலைப் பள்ளியில் வென்ற பிள்ளை 9ஆம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறது. புதிய பள்ளிக்கு அது தெரியாது, பழைய பள்ளி தன் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறது. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்போதே தேர்வு முடிவின் நகலை அதோடு இணைத்து, பெற்றோரிடம் சொல்லி, புதிய பள்ளியின் தலைமையாசிரியருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு விடுங்கள்.

கணக்கின் மேலேயே ஆசை கொண்ட பிள்ளைக்கு, சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டி உண்டு. 5ஆம் வகுப்பிலிருந்தே நிலைவாரியாகத் தாள்கள் உள்ளன. பழைய தாள்களைத் தேடி எடுத்து மூன்றாம் படிக் கேள்விகளாகப் பயன்படுத்துங்கள், போட்டிக்குப் போகாவிட்டாலும் பயன்தான்.

9. எவ்வளவு முயன்றும் எண் பிடிபடாத பிள்ளை

மூன்று மாதம் கட்டோடு வேலை செய்தும் 7 பெரியதா 9 பெரியதா என்று ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணும் பிள்ளை இருக்கலாம். படிப்பதிலும் பேசுவதிலும் நன்றாகவே இருப்பார். நீங்களாக எந்தப் பெயரும் சூட்டாதீர்கள், சோம்பேறி என்ற பெயரும் கூடாது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் சொல்லி வந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கட்டக் குறிப்பேட்டைக் கொடுங்கள், அவருக்கு அதைவிடப் பயனுள்ள ஆவணம் கிடைக்காது.

குறிப்பிட்ட கற்றல் குறைபாடு (மற்றவற்றில் நன்றாக இருந்தும் படிப்பதோ எழுதுவதோ கணக்கோ மட்டும் பிடிபடாத நிலை) 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவச் சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். மருத்துவ மதிப்பீட்டுக்கு அலைச்சல் அதிகம். பத்தாம் வகுப்புக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நேரம் போதாது, 8ஆம் வகுப்பிலேயே தொடங்குங்கள். பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது தலைமையாசிரியர் அறையில் பலர் முன் சொல்ல வேண்டாம். நான் ஒரு தாயிடம் அப்படிச் சொல்லிவிட்டேன். அவர் மறுபடி பள்ளிக்கு வர நான்கு மாதம் ஆயிற்று.

10. பத்தாம் வகுப்பு எடுப்பவருக்கு மட்டும்

பொதுத்தேர்வுத் தாள் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் வினா 14. எட்டு மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம். இந்த இரண்டில் 16, ஒரு மதிப்பெண் வினாக்களில் பத்து என்று 26 சேர்ந்துவிட்டால் தேர்ச்சி எட்டும் தூரம்தான். டிசம்பருக்குப் பிறகு தடுமாறும் பிள்ளைக்கு இதைச் செய்யுங்கள். ஆனால் ஜூனிலேயே இதைத் தொடங்கி, 'உனக்கு இது போதும்' என்று மற்ற பாடங்களை மூடிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் அங்கே முதல் பருவத்திலேயே கணக்கு காத்திருக்கும்.

11. மார்ச்: குறிப்பேட்டை ஒப்படையுங்கள்

ஜூனில் கொடுத்த அதே பத்துக் கேள்விகளை மார்ச்சில் மறுபடி கொடுங்கள். எண்களை மட்டும் மாற்றுங்கள். பழைய கட்டத்துக்குப் பக்கத்தில் புதிய விடையை எழுதுங்கள். என் மூன்றாம் ஆண்டில் கழித்தலில் இடறிய பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் தேறினார்கள். பின்னத்தில் பாதிப் பேர்தான். பின்னத்துக்கு அடுத்த ஆண்டு இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும் என்று அதே பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

அந்தக் குறிப்பேட்டின் நகலை அடுத்த ஆண்டு அந்த வகுப்பை எடுக்கப்போகிறவரிடம் கையில் கொடுங்கள், மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி போதும். '0.35ஐப் பெரியது என்கிறான், ரூபாய் பைசாவில் கேட்டால் சரியாகச் சொல்கிறான்.' 'எட்டு நிமிடத்தில் முடித்துவிடுவாள், அதே மாதிரிக் கணக்கு இன்னொன்று கொடுக்க வேண்டாம்.'